செட்டு என்றால் பன்னிரண்டு பேர்

நம்ம செட்டில் இன்னும் கண்ணாடி போடாமல் படிக்கிறவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். ஒருவரும் இருக்கமாட்டீர்கள், எனக்குத் தெரியும். அதனால்தான் எழுத்தைப் பெரிதாக்கி அனுப்புகிறேன். போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி கேட்டாளே, 'செட்' என்கிற இங்கிலீஷ் வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் என்று, பேத்தியின் வீட்டுப்பாடமாம். ஆளாளுக்கு ஒன்று போட்டீர்கள். ஒருவர் டீ.வி. செட் என்றார், சாப்பாட்டு ராமன் ஒருவர் செட் தோசை என்றார். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. உடம்பு கிடம்பு சரியில்லையா என்று இரண்டு பேர் தனியாகப் போன் பண்ணிக் கேட்டார்கள். உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த வார்த்தையைப் பற்றி என்னால் ஒரு வரியில் போட முடியாது, அவ்வளவுதான்.

நாம் ஏழாவது படித்த வருஷம் நினைவிருக்கிறதா? இங்கிலீஷ் டீச்சர் ஒரு நாள் சாக்பீஸ் டப்பாவில் சீட்டு எழுதிப் போட்டுக் குலுக்கினார். ஆளுக்கு ஒரு சீட்டு. வந்த வார்த்தையை எங்கெங்கே எப்படியெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்று நாற்பது பக்க நோட்டில் எழுதித் தீபாவளிக்கு முன்னால் கொடுக்க வேண்டும். என் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு நாக்கு சுளுக்கிக்கொள்கிற மாதிரி நீளமாக ஒன்று வந்தது. எனக்கு வந்தது செட். உனக்கென்னடி, மூன்றே எழுத்து என்று எல்லோரும் வயிறெரிந்தீர்கள். நானும் தலைகால் புரியாமல்தான் இருந்தேன்.

டீச்சர் மேசையில் துணி உறை போட்ட டிக்‌ஷனரி ஒன்று இருக்கும். தொட்டால் கையைக் கழுவிவிட்டுத் தொட வேண்டும். ஒரு பீரியட் பார்த்துக்கொள்ள அனுமதித்தார். அந்த மூன்றெழுத்து பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது. சூரியன் மறைந்தாலும் அதுதானாம், தயிர் உறைந்தாலும் அதுதானாம், எலிக்குப் பொறி வைத்தாலும் அதுதானாம். பந்தாட்டத்தில் ஒன்று, கணக்கில் ஒன்று. விரலை வைத்துக்கொண்டே போனேன், மணி அடித்துவிட்டது, வார்த்தை முடியவில்லை. எனக்குப் பகீரென்றது.

சரி, டிக்‌ஷனரி நமக்கு ஆகாது, ஊரில் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். ஊரில் அந்த வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. என் நைனா மைக்செட் கடையில் கூலிக்கு இருந்தார். திருப்புலிவனத்திலிருந்து மாகறல் வரைக்கும் எங்கே கல்யாணம், எங்கே காதுகுத்து என்றாலும் கூம்பு ஸ்பீக்கரைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார், இரண்டு மூன்று நாள் வீட்டுப் பக்கமே வரமாட்டார். எழுதிக்கொண்டேன். நாங்கள் குளிக்கிற இடம் பம்புசெட்டு. எழுதிக்கொண்டேன். தையல்காரர் பாவாடை சட்டையைச் செட்டு என்பார், வளையல்காரர் ஆறு வளையலைச் செட்டு என்பார். எதிர்வீட்டு அத்தை தன் மகனை, கண்ட பசங்களோடு செட்டு சேர்ந்துக்கினு சுத்தாதே என்று விளக்குமாற்றைத் தூக்கினாள். அதையும் வாசலிலேயே உட்கார்ந்து எழுதினேன். என் வீட்டுச் சண்டையை நோட்டில் ஏற்றுகிறாயா என்று விளக்குமாறு என் பக்கம் திரும்பியது.

இப்படி விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அம்மா விழுந்தாள்.

ஆவணிக் கடைசி. தலைச்சுமையாக நாற்றுக்கட்டு எடுத்துக்கொண்டு வந்தவள் வழுக்கு வரப்பில் சறுக்கி வலது கையை ஊன்றிவிட்டாள். மணிக்கட்டு எலும்பு. கட்டுக் கட்டுகிற வைத்தியர் மூங்கில் பத்தை வைத்து, உளுத்தமாவும் முட்டை வெள்ளையும் பூசி, இறுக்கிக் கட்டினார். நாற்பது நாள் கையை அசைக்கக் கூடாது, அப்போதுதான் எலும்பு செட் ஆகும் என்றார். அம்மா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள், நான் பக்கத்தில் நின்றுகொண்டு நோட்டைத் தேடுகிறேன். இப்போது நினைத்தால் எனக்கே என் முதுகில் ஒன்று வைக்கலாம் போலிருக்கிறது. பன்னிரண்டு வயதில் புத்தி அவ்வளவுதான்.

அம்மா நடவு நடுகிறவள். எங்களுக்கு நிலம் நீச்சு எதுவும் கிடையாது. அந்தப் பக்கத்தில் நடவுக்குப் பெண்கள் தனித்தனியாகப் போகமாட்டார்கள், செட்டாகத்தான் போவார்கள். ஒரு செட்டுக்குப் பன்னிரண்டு பேர். நடவு எந்தச் செட்டுக்கோ களையெடுப்பும் அதற்கே, தை மாத அறுப்பும் அதற்கே. ஆகவே புரட்டாசியில் இடம் போனால் ஒரு வருஷத்துச் சோறு போனது மாதிரி. நைனாவின் மைக்செட் வருமானத்தில் நாங்கள் நான்கு பேர் உயிர்வாழ முடியாது. அம்மாவின் இடம்தான் எங்கள் வீட்டுக்கு எல்லாம்.

அந்தச் செட்டுக்குத் தலைவி ஒரு பெரியம்மா. உறவில்லை, தெரு முழுக்க அவளைப் பெரிம்மா என்றுதான் கூப்பிடும். வெடுக்கென்று பேசுவாள். சிரித்து நான் பார்த்ததில்லை. நோட்டுக்காக அவளிடம் போய், நடவு செட்டு என்றால் என்ன பெரிம்மா என்று கேட்டேன். பன்னிரண்டு பேர் சேர்ந்தால் செட்டு, இது கூடவா தெரியாது என்றாள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. அம்மா வீட்டில் கிடக்கிறாள், நீங்கள் இப்போது பதினோரு பேர்தானே என்றேன்.

"பன்னண்டுன்னா பன்னண்டுதான். போய் வேலயப் பாருடி," என்று ஒரு அதட்டுப் போட்டாள்.

எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளை, எண்ணவும் தெரியவில்லை என்று முடிவுகட்டினேன். நோட்டில் பெருமையாகப் பதினொன்று என்றே எழுதினேன்.

அதற்கப்புறம் ஒரு சங்கதியைக் கவனித்தேன். தினமும் விடிந்தும் விடியாமலும் அந்தப் பெரியம்மா எங்கள் வீட்டு வாசலுக்கு வருவாள். அம்மா இடது கையாலேயே கேழ்வரகுக் கூழைக் கரைத்து, தன் அலுமினியத் தூக்கு நிறைய ஊற்றி மூடி வைத்திருப்பாள். பெரியம்மா ஒரு வார்த்தை பேசாமல் அதை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். சாயங்காலம் தூக்கு காலியாக, கழுவித் திரும்பி வரும். வீட்டில் மிச்சம் இருக்கிற கூழ் எனக்கும் தம்பிக்கும் அரை வயிற்றுக்குத்தான் வரும். தம்பிக்கு ஐந்து வயது. இன்னும் கொஞ்சம் என்று சட்டியைச் சுரண்டுவான். அம்மா தன் பங்கை அவனுக்குத் தள்ளிவிட்டுத் தண்ணீர் குடிப்பாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கை உடைந்து கிடக்கிறவள் வீட்டுக் கூழை ஒருத்தி தினம் தினம் வாங்கிக் குடிக்கிறாளே, என்ன நெஞ்சழுத்தம்? அம்மாவைக் கேட்டேன். உனக்கு எதற்கு அதெல்லாம், நீ படிக்கிற வேலையைப் பார் என்றாள். அந்தக் காலத்தில் பெரியவர்கள் நம்மிடம் காரணம் சொல்கிற வழக்கமே கிடையாது, நினைவிருக்கிறதா? 'சொன்னதைச் செய்' என்பதோடு சரி. அதனால் காரணத்தை நாமே செய்துகொள்வோம். நான் செய்துகொண்ட காரணம், பெரியம்மா ஒரு பிடாரி என்பது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், ஆத்திரக்காரிக்கு அதுவும் கிடையாது. ஒரு வியாழக்கிழமை, அம்மா கொல்லைப்பக்கம் போன நேரம் பார்த்து, தூக்கைப் புத்தகப் பைக்குள் திணித்துக்கொண்டு முதல் பஸ்ஸுக்கே ஓடிவிட்டேன். மத்தியானம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அந்தக் கூழைக் குடித்தேன். உங்களில் இரண்டு பேர் கூடக் குடித்தீர்கள், ஊறுகாய் கொண்டுவந்தவள் யார் என்பது கூட ஞாபகம் இருக்கிறது. அவ்வளவு ருசியாக நான் எதையும் சாப்பிட்டதில்லை. பெரியம்மாவின் வாயிலிருந்து பிடுங்கிவிட்டேன் என்கிற ருசி.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அம்மா அழுதுகொண்டிருந்தாள். பெரியம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தூக்கை நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது போலிருக்கிறது, தெருவெல்லாம் தேடினேன் அக்கா என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் பையை இறக்கினேன். உள்ளே தூக்கு எதிலோ இடித்துச் சத்தம் கேட்டது. பெரியம்மா பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. கடைவரைக்கும் துணைக்கு வா என்று என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தாள்.

தெரு முனை தாண்டியதும் நின்றாள். நானே முந்திக்கொண்டேன். தினமும் எங்கள் கூழை நீதான் குடிக்கிறாய், எங்கள் தம்பி பசியோடு இருக்கிறான் என்று கத்திவிட்டேன். அவள் திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் பக்கத்துத் திட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"வரப்பு மேல பன்னண்டு தூக்கு இருக்கற வரிக்கும் பன்னண்டு ஆளுடி. எவளாவது புள்ளைக்குப் பால் குடுக்கப் போவா, எவளாவது ஒதுங்கப் போவா, தூக்கு இருந்தா ஆளு கீதுன்னு கணக்கு. காலி தூக்கு வெச்சா செல்லாது, கூழு இருக்கணும். உச்சிக்கு அத நாங்க பங்கு போட்டுக் குடிச்சாத்தான் ஆளு சாப்ட்ட கணக்கு. உங்கம்மா தூக்க வெச்சிக்கினு, உங்கம்மா வரிசையையும் நாங்க பதினோரு பேரு சேத்து நட்டுக்கினு வரோம்."

இன்றைக்குத் தூக்கு பதினொன்று. நிலத்துக்காரரின் மேஸ்திரி காலையிலேயே எண்ணிவிட்டானாம். இத்தனை நாளும் பன்னிரண்டாவது ஆள் எங்கே என்று அவன் கேட்பான், இங்கேதான் எங்கேயோ போயிருக்கிறாள் என்று இவர்கள் சொல்வார்கள், தூக்கு இருப்பதால் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடுவான். அவனுக்கும் தெரியும், இவர்களுக்கும் தெரியும், ஆனால் வழக்கத்தை மீற யாருக்கும் துணிவு வராது. இப்போது வசமாக மாட்டியது. அவன் பெண்டாட்டியின் தங்கை ஒருத்தி வீட்டோடு வந்து இருக்கிறாள். நாளைக்கு அவள் வந்து இறங்குவாள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். ஒரு நாள் முழுக்க ஒருத்தி நட்டுவிட்டால் அந்த இடம் அந்த வருஷத்துக்கு அவளுடையது.

வேறு வழியே இல்லையா என்று கேட்டேன். வீட்டு ஆள் யாராவது வந்து இறங்கினால் அவர்களுக்குத்தான் முதல் உரிமை, அந்த ஒரு நாளிலேயே இடம் வீட்டுக்கு நின்றுவிடும் என்றாள். அப்படியென்றால் நான் வருகிறேனே, முதலிலேயே என்னைக் கூப்பிட்டிருக்கலாமே என்றேன்.

"உன்ன சேத்துல எறக்கக் கூடாது, பொண்ணு படிப்பு கெடக் கூடாதுன்னு உங்கம்மா கைய புடிச்சிக்கினு கேட்டா. அதுக்குத்தான் இந்தத் தூக்கு," என்றாள்.

இதைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்தது என்று இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எழுத வரவில்லை. அழுதேன். அழுகையை நிறுத்து, அம்மாவுக்கு மூச்சு விடாதே என்றாள். தூக்கைத் தானே வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டாள். திரும்பிப் போய், குழாயடியில் கிடந்தது என்று அம்மாவிடம் கொடுத்தாள். நாளைக்கு ஒரு நாள் மட்டும் பெண்ணை அனுப்பு என்றாள். அம்மா மாட்டவே மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். கடைசியில் தம்பி பசிக்கிறது என்று அழ ஆரம்பித்தான், அம்மா சரி என்று தலையாட்டிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை விடியுமுன் வயலில் இருந்தோம். நானே தூக்கை வரப்பில் வைத்தேன். மேஸ்திரி தன் மச்சினியைச் சைக்கிள் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். வீட்டு ஆள் வந்திருக்கிறது என்றாள் பெரியம்மா. அவனால் மறுக்க முடியவில்லை. இந்தப் பொடிசு பொழுதுசாய்கிறவரைக்கும் தாங்குமா பார்க்கலாம், கரையேறினால் என் ஆள் இறங்குவாள் என்று சொல்லிவிட்டு, மச்சினியை வரப்பிலேயே உட்கார வைத்துவிட்டுப் போனான்.

நடவு நட்டிருக்கிறீர்களா? நம்மில் பாதிப் பேர் சேற்றையே மிதித்ததில்லை. குனிந்தபடியே பின்னால் பின்னால் நகர வேண்டும். இடது கையில் நாற்றுமுடி, வலது கை மூன்று மூன்று நாற்றாகப் பிரித்து ஊன்றிக்கொண்டே வரும். மெதுவாக நடுகிறவள் மட்டும் முன்னால் தங்கிவிடுவாள். இரண்டு பக்கமும் நட்டு முடித்திருக்கும், இவள் நடுவில் கூண்டுக்குள் நிற்கிற மாதிரி நிற்பாள். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்குக் கூட யார் மட்டம் என்று தெரிந்துபோகும். நான் முதல் அரைமணியிலேயே கூண்டுக்குள் போய்விட்டேன். எனக்கு வலது பக்கம் பெரியம்மா. அவள் தலை நிமிராமலே கையை என் பக்கம் நீட்டி, என் வரிசையில் ஒரு பங்கை நட்டுக்கொண்டே வந்தாள். இடது பக்கத்து அக்காவும் அப்படியே. எனக்கு மிஞ்சியது ஒரு சாண் அகலம். நான் நட்டதில் பாதி மிதந்தது, அதையும் அவர்கள்தான் திரும்ப ஊன்றினார்கள்.

உச்சிப் பொழுதுக்கு முதுகு இரண்டாக ஒடிந்ததுபோல இருந்தது. விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்துவிட்டது. மற்றவர்கள் சாப்பிடக் கரையேறியபோது நான் ஏறலாமா கூடாதா என்று தெரியவில்லை. அது எல்லோரும் ஏறுகிற நேரம், தப்பில்லை என்றாள் பெரியம்மா. அம்மாவின் கூழைக் குடித்தேன்.

மத்தியானத்துக்கு மேல்தான் வந்தது வினை. வெயில் சுள்ளென்று அடித்தது, தண்ணீர் கொதித்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. வரப்பு பத்தடி தூரத்தில் இருந்தது, பனைமரத்து நிழல் அதன்மேல் விழுந்திருந்தது. போய் ஒரு நிமிஷம் உட்கார்ந்தால் போதும் என்று கால் தானாக நகர்ந்தது. செட்டு பின்னால் நகர்ந்து போயிருந்தது, பெரியம்மா கவனிக்கவில்லை. வரப்பு மேல் அந்த மச்சினி உட்கார்ந்திருந்தாள், மடியில் அவளுடைய தூக்கு. காலையிலிருந்து அவள் அதைத் திறக்கவே இல்லை. முப்பது வயதுகூட இருக்காது. நான் தள்ளாடி வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் ஒரு காலைத் தூக்கி வரப்பில் வைத்தால் போதும், அவளுக்கு ஒரு வருஷத்துச் சோறு.

அவள் எழுந்தாள். ஓரத்தில் இருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு வந்து வரப்பு விளிம்பில் குந்தினாள்.

"வரப்புல கால வெக்காத. அங்கியே நில்லு," என்றாள். "சேத்துல நின்னுக்கினே குடி."

நான் குடித்தேன். மிச்சத் தண்ணீரை என் தலையில் ஊற்றினாள். பிறகு ஒரு நாற்றுமுடியை எடுத்து, கட்டைப் பிரித்து, நான் எடுக்க வசதியாக என் இடது கையில் வைத்து அழுத்தினாள். போ என்று முகத்தாலேயே சொன்னாள். அதற்கப்புறம் பொழுது சாய்கிறவரைக்கும் என் கையில் நாற்று தீர்ந்த ஒவ்வொரு தடவையும் ஒரு முடி சரியாக என் பக்கத்தில் வந்து விழுந்தது. யார் வீசுகிறார்கள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை, எனக்குத் தெரியும்.

மேஸ்திரி வந்தபோது நான் சேற்றில்தான் நின்றுகொண்டிருந்தேன். தூக்கை எண்ணினான், சைக்கிளைத் திருப்பினான். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள். புருஷன் விட்டுவிட்டுப் போனவள் அவள், அக்காள் வீட்டில் இருந்து தின்கிற சோற்றின் ஒவ்வொரு பருக்கைக்கும் பேச்சுக் கேட்கிறாள் என்றெல்லாம் பிறகு பெரியம்மா சொல்லித்தான் தெரியும். அன்று ராத்திரி அவள் என்னென்ன பேச்சு கேட்டாளோ, யார் கண்டது. நான் அன்றைக்கு முழுவதும் அவளை எங்கள் எதிரி என்றுதான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன், தண்ணீர் குடிக்கிற வரைக்கும்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனேன். லீவு லெட்டர் இல்லை, முதல் பீரியட் முழுக்க வெளியே நின்றேன், உங்களுக்கு ஞாபகம் இருக்கும், சிரித்தீர்கள். நோட்டை நீட்டினேன். பதினொன்று என்பதை அடித்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதியிருந்தேன். டீச்சர் அந்த நடவு செட்டுப் பக்கத்தில் குறுக்காகச் சிவப்புக் கோடு போட்டார். இது இங்கிலீஷ் இல்லை, உங்கள் ஊர்ப் பேச்சு என்றார். நடவுக்குப் போவதற்கா பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள் என்றும் கேட்டார். நோட்டை வாங்கிக்கொண்டு என் இடத்துக்குப் போனேன்.

டீச்சர் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அவர் டவுனில் பிறந்து வளர்ந்தவர், எங்கள் வயலைப் பஸ் ஜன்னலில்தான் பார்த்திருப்பார். அவர் அந்தச் சீட்டைக் குலுக்காவிட்டால் நான் அந்த வார்த்தையைத் தேடியிருக்கமாட்டேன். பின்னாளில் மின்வாரிய ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தில் நானே ஒரு டிக்‌ஷனரி வாங்கினேன். அன்றைக்கு மணியடித்து விட்டுப்போன இடத்திலிருந்து படித்தேன். நாற்று ஊன்றுவதையும் இங்கிலீஷ்காரர்கள் அதே வார்த்தையால் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றாகச் சேர்ந்த கூட்டத்துக்கும் அதுதான். டீச்சர் அந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்கமாட்டார், பாவம். அவரிடம் சொல்லலாம் என்று விசாரித்தேன், மாற்றலாகிப் போய்விட்டிருந்தார். ஆனால் ஆள் வராத நாளிலும் அவள் பங்கைச் சேர்த்தே எண்ணுவது என்கிற அர்த்தத்தை எந்தப் பக்கத்திலும் நான் பார்க்கவில்லை.

நான் தூக்கைத் திருடியது அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. பெரியம்மா அதை ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. என்னைத் திட்டுவதையும் நிறுத்தவில்லை. அவள் செத்தபோது எனக்குத் தகவல் வர இரண்டு நாள் ஆகிவிட்டது, முகத்தைப் பார்க்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் ஆறாத குறை. என் படிப்பு, வேலை, இப்போது வாங்குகிற பென்ஷன், உங்களோடு இப்படி வம்படிக்கிற இந்தப் போன் எல்லாமே அந்தப் பதினோரு பேர் குனிந்து நட்டது. அந்த வரப்பில் உட்கார்ந்திருந்தவளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அடுத்த வருஷம் பெரியம்மா அவளைத் தானே கூப்பிட்டுச் செட்டில் சேர்த்துக்கொண்டாள். பதின்மூன்று ஆகிறதே என்று மேஸ்திரி முனகினானாம். உன் மச்சினிதானே அய்யா, வேண்டாம் என்றால் நீயே சொல் என்றாளாம்.

அம்மா கட்டுப் பிரித்து மறுபடி வேலைக்குப் போனது அந்த வருஷமே ஐப்பசியில். கை இளைத்துச் சுள்ளி மாதிரி இருந்தது. விரல்கள் முழுசாக மடங்கவில்லை. ஏரிப்பாசனத்துக் கடைசி வயல்கள் மட்டும் பாக்கியிருந்தன. காலையில் தன் தூக்கைத் தானே எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இந்தக் கையை வைத்துக்கொண்டு எப்படி நடப்போகிறாள், கூண்டுக்குள் தனியாக நிற்பாளே, ரோட்டில் போகிற எல்லோரும் பார்ப்பார்களே என்று நினைத்துக்கொண்டே பள்ளிக்கூடப் பஸ்ஸுக்கு நடந்தேன்.

பஸ்ஸில் வலது பக்கம் இடம் கிடைக்கவில்லை. அடித்துப்பிடித்து ஜன்னல் பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அந்த வயல் வந்தது. மழை தூறிக்கொண்டிருந்ததால் எல்லோரும் தலையில் ஒரே மாதிரி உரச்சாக்கைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். பன்னிரண்டு முதுகு. ஒன்றுகூட முன்னால் தங்கியிருக்கவில்லை. நூல் பிடித்த மாதிரி ஒரே கோட்டில் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார்கள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பார்த்தேன், அந்த ஓரத்திலிருந்து திரும்பவும் பார்த்தேன். பஸ் போய்க்கொண்டே இருந்தது. அதில் என் அம்மா யார் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.